வலிக்கவே வலிக்காது!

பல்வலிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. பகலில் அது தலை காட்டாது. வைத்தியர் ஊரில் இருக்கும் நாளிலும் வராது. சனிக்கிழமை இரவாகப் பார்த்து, கடைசி பஸ்ஸும் போய், மருந்துக் கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டுப் படுத்த பிறகுதான் அது தன் திருவிளையாடலை ஆரம்பிக்கும். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அப்படிப்பட்ட ஓர் இரவில், கடத்தூரில் நமது இல்லத்தில், ஏழு வயதுப் பேத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

அவளுடைய பாட்டி உடனே ஒரு கிராம்பை நசுக்கிப் பல்லில் வைத்தாள். கடத்தூர் வெற்றிலைக்குப் பேர் போன ஊர் அல்லவா? வெற்றிலைப் பெட்டி உள்ள வீட்டில் கிராம்புக்குப் பஞ்சம் ஏது? இதைப் பாட்டி வைத்தியம் என்று எவரும் இளப்பமாக நினைத்துவிட வேண்டாம். கிராம்பில் உள்ள யூஜினால் என்னும் எண்ணெய்ச் சத்து நரம்பைச் சற்றே மரக்கச் செய்கிறது. சொத்தைப் பல்லைத் தற்காலிகமாக அடைக்கும் பசையில் இன்றைக்கும் பல் வைத்தியர்கள் அதையே கலக்கிறார்கள். ஆனால் கிராம்புக்கும் ஓர் எல்லை உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு அந்த எல்லை வந்துவிட்டது. குழந்தை அழுத அழுகையில் எதிர் வீட்டு விளக்கும் எரிந்தது.

பற்களைப் பற்றிப் பேச நமக்கு யோக்கியதை உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு. நமது பற்களைப் பார்த்தாலே நாம் தர்மபுரிச் சீமைக்காரர் என்பது விளங்கிவிடும். இந்த ஜில்லாவின் அநேக கிராமங்களில் கிணற்று நீரிலும் குழாய்க் கிணற்று நீரிலும் ஃப்ளோரைடு என்னும் உப்பு அளவுக்கு மேல் இருக்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் ஆகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. குழந்தைப் பருவத்தில் அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லிலே மஞ்சளும் பழுப்புமாகப் பட்டைகள் விழுந்துவிடும். எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. சென்னை ராஜதானியில் இந்த நோய் இருக்கிறதென்று 1937-லேயே ஷார்ட் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் எழுதி வைத்தார்கள். ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் குழாய் வழியாகத் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் கொண்டுவரும் திட்டம் 2013-ல்தான் நிறைவேறியது. நமது பேத்தி அதற்குப் பிறகு பிறந்தவள். ஆகவே அவளுடைய பற்கள் மல்லிகை மொட்டுப் போலிருந்தன. அந்தப் பல்வரிசையைப் பார்த்துப் பார்த்து நாம் பூரித்துப் போனோமே தவிர, அந்த மொட்டுகளின் வழியாகத் தினந்தோறும் எத்தனை மிட்டாயும் கிரீம் பிஸ்கோத்தும் உள்ளே போகின்றன என்று கவனிக்கவில்லை. வாங்கிக் கொடுத்தவர் யார் என்ற கேள்வியை இங்கே எழுப்ப வேண்டாம்.

திங்கட்கிழமை காலை, பக்கத்து நகரம் ஒன்றுக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த குழந்தை திடீரென்று திரும்பி, "தாத்தா, அங்கே ஊசி போடுவாங்களா?" என்று கேட்டாள்.

நாம் ஒரு கணமும் தயங்கவில்லை. "சேச்சே! ஊசியாவது? பல்லைச் சும்மா பார்ப்பார்கள். அப்படியே போட்டாலும் வலிக்கவே வலிக்காது!" என்றோம்.

அதற்கு முந்தின வாரந்தான், இரவுச் சாப்பாட்டின்போது, "இந்த நாலு வாயையும் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லிப் பெரிய ஊசியாகப் போடச் சொல்வேன்" என்று அவளை நாம் மிரட்டியிருந்தோம். அன்று தண்டனையாயிருந்த ஊசி இன்று எப்படி வலிக்காத பண்டமாக மாறியது? குழந்தைக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வைத்தியசாலையில் நமக்கு முன்னால் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அங்கிருந்த டாக்டர் காலையிலிருந்து காப்பி கூடச் சாப்பிட்டிருப்பாரோ என்னவோ! அவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. பல்லைப் பார்த்தார், பல்லின் உயிர்ச்சதைக்கு வைத்தியம் செய்து அதைக் காப்பாற்றிவிடலாம் என்றார், மரக்கச் செய்வதற்காக ஊசியை எடுத்தார். குழந்தை ஊசியைப் பார்த்தாள். பிறகு நம்மைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்று நினைத்தாலும் நமக்கு உள்ளம் குன்றிவிடுகிறது.

ஒருவர் தலையைப் பிடித்தார். இன்னொருவர் காலைப் பிடித்தார். கைகளைப் பிடித்தவர் நாமேதான். ஊசி உள்ளே போயிற்று. மருந்து ஒரே மூச்சில் இறங்கிற்று. எல்லாம் பத்து விநாடிக்குள். குழந்தை அலறித் தலையை உதறியதில் ஊசி வெளியே வந்துவிட்டது. டாக்டரின் விரலில் பல் பதிந்துவிட்டது. "இப்போது இவளிடம் ஒன்றும் செய்ய முடியாது. பெரிய ஊருக்குக் கொண்டுபோய் மயக்கம் கொடுத்துச் செய்யுங்கள்" என்று அவர் சொல்லி அனுப்பினார். அவரும் களைத்திருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் குழந்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன் தாத்தா பொய் சொன்னீங்க?"

* * *

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட பழைய ஞாபகம் ஒன்று வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டது.

1967-ஆம் வருஷம் அது. தர்மபுரி தனி ஜில்லாவாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நமக்கு வயது பத்து. சென்னையில் அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரி 1953-லேயே ஏற்பட்டிருந்தது என்றாலும், அங்கே படித்துத் தேறியவர்கள் நமது பக்கம் வந்து சேரவில்லை. சந்தையன்று ஒருவர் ஜமக்காளம் விரித்து, தாம் பிடுங்கிய பற்களையெல்லாம் அதன்மேல் குவித்து வைத்து உட்கார்ந்திருப்பார். அந்தக் குவியல்தான் அவருடைய பட்டம், நற்சாட்சிப் பத்திரம் எல்லாம்! நமது தகப்பனார் நம்மை அவர் முன்னால் உட்கார வைத்து, "வலிக்காதுடா" என்று சொல்லி, பின்புறமிருந்து இரு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மரக்கச் செய்யும் மருந்து ஒன்றும் கிடையாது. தகப்பனார் நல்ல மனிதர்; பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆயினும், அவருடைய இரண்டு கைகளின் பிடியை நமது மணிக்கட்டு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த வயது வரையில் நாம் பல் வைத்தியர் வீட்டுப் படி ஏறியதே இல்லை. வலித்தால் கிராம்பு; கிராம்புக்கு மிஞ்சினால் மாத்திரை; அதற்கும் மிஞ்சினால் அந்தப் பக்கமாக மெல்லுவதை நிறுத்திவிடுவது. இப்படியே மூன்று பற்களைப் பறிகொடுத்தோம்.

அந்தச் சந்தைக்காரர் நம் பல்லை இழுத்த நாளிலே உலகத்தில் மருந்து இல்லாமற் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ், சிரிப்பு வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்து பார்த்தது 1844-ல். வியன்னாவில் கார்ல் கோலர் என்பவர் கோக்கெயின் கரைசலால் கண்ணை மரக்கச் செய்தது 1884-ல். அதையடுத்து வெகு சீக்கிரத்தில், ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க ரண வைத்தியர் அதே மருந்தைக் கீழ்த்தாடை நரம்பின் அருகே ஊசியால் செலுத்தி, பாதித் தாடையை மரக்க வைத்துக் காட்டினார். ஆனால் கோக்கெயினைக் கொண்டு தம்மையே பரீட்சித்துக்கொண்ட அவர், பாவம், அந்தப் பழக்கத்துக்கே அடிமையானார். அதனால்தான் பழக்கத்தில் சிக்க வைக்காத மருந்துகளைத் தேடினார்கள். ஜெர்மானியராகிய ஐன்ஹார்ன் கண்டுபிடித்த நோவோகெயின் 1905-ல் வைத்தியத்துக்கு வந்தது. ஸ்வீடன் தேசத்தில் லோஃப்கிரென் என்பவர் 1943-ல் லிக்னோகெயினைச் செய்தார். 1948 முதல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நம் நாட்டுப் பல் வைத்தியசாலைகளில் சர்வ சாதாரணமாக வழங்குவது அந்த மருந்தேயாகும்.

ஆக, பல்லைப் பிடுங்கும் வலியை விஞ்ஞானம் ஜயித்து வெகு காலமாகிறது. அந்த ஜயத்தைக் கொண்டுவரும் ஊசியின் வலிதான் மிச்சம். பெரியவர்கள் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு (கடிக்கப் பல் இருந்தால்) பொறுத்துக்கொள்வார்கள். குழந்தையோ ஊசியைத்தான் காண்கிறது. அதனால் வரப்போகும் சௌகரியத்தை அது எப்படிக் காணும்?

* * *

ஒரு வாரத்தில் பேத்தியின் வலி தானாகவே நின்றுவிட்டது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். "பார்த்தீர்களா, கிராம்பு கைவிடவில்லை" என்று பாட்டி பெருமை கொண்டாள். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போனால் வலி நின்றுவிடும் என்பதும், அப்படி நிற்பதே ஆபத்தின் அறிகுறி என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் குழந்தையின் இடது கன்னம் உப்பியிருந்தது. நடுப்பகலுக்குள் ஜுரம் வந்துவிட்டது. மாலைக்குள் வாயைத் திறக்கவே சிரமப்பட்டாள். "அப்பா, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள், உடனே போங்கள்" என்று நம் மகள் கலங்கினாள். "பல் டாக்டரிடம் வரமாட்டேன்" என்று அந்த ஜுரத்திலும் குழந்தை தூணைக் கட்டிக்கொண்டாள்.

நமது சிநேகிதரான பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், சேலத்தில் குழந்தைகளுக்கென்றே பல் வைத்தியம் படித்த ஒரு டாக்டரம்மாள் இருப்பதாகச் சொன்னார். குழந்தைகளின் பல்லுக்கு இப்படித் தனிப் படிப்பே இருக்கிறது என்பது நமக்குப் புதிய சமாசாரம். பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் ஏறிச் சேலம் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டரம்மாள் அன்று ஊசியைத் தொடவே இல்லை. கன்னத்தைத் தடவிப் பார்த்தார். குழந்தையை நிறுத்தி எடை பார்த்தார். கிருமியைக் கொல்லும் மருந்தும் வலிக்கு மருந்தும் எழுதிக் கொடுத்தார். "சீழ் கட்டிய இடத்தில் புளிப்புத் தன்மை மிகுதி. மரக்கும் மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. இன்று ஊசி போட்டால் ஊசியின் வலியும் உண்டு, பல்லின் வலியும் உண்டு. வீக்கம் வடியட்டும்" என்று காரணம் சொன்னார். அதற்குள் ஜுரம் ஏறினாலோ, வீக்கம் கண்ணையோ கழுத்தையோ நோக்கிப் பரவினாலோ, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ, காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்றும் எச்சரித்தார். பிறகு குழந்தையை வெளியே பொம்மைகளிடம் அனுப்பிவிட்டு நம் பக்கம் திரும்பினார்.

"முதல் தடவை அவளிடம் என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு போனீர்கள், ஐயா?"

சொன்னோம். இரவுச் சாப்பாட்டு மிரட்டலையும் சேர்த்துச் சொன்னோம். எந்த நீதிபதியின் முன்னாலும் நாம் அவ்வளவு தலை குனிந்து நின்றதில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாத் தாத்தாக்களும் சொல்வதுதான்" என்று சிரித்தார். ஆனால் அடுத்த முறை, "பயப்படாதே, ஒன்றுமில்லை, வலிக்காது" என்ற மூன்று சொற்களையும் வாயிலிருந்து விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரியவர்கள் அடிக்கடி சமாதானம் சொல்லச் சொல்லக் குழந்தைகளின் கலக்கம் கூடுகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்களாம். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தில், "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

ஊசி ஏன் வலிக்கிறது என்றும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். முனை குத்துவதால் வலிக்கிறது என்றுதான் நாம் இத்தனை காலமும் நினைத்திருந்தோம். குத்துவதில் உள்ள வலி சொற்பமாம். உள்ளே போகிற மருந்தின் வலிதான் அதிகமாம். லிக்னோகெயினோடு, அது சீக்கிரம் இரத்தத்தில் கலந்து போய்விடாமலிருக்க அட்ரினலின் என்ற சரக்கையும் கலக்கிறார்கள். அந்தச் சரக்கு கெடாமலிருக்க, மருந்தைப் புளிப்பாக வைத்திருக்கவேண்டியிருக்கிறது. அதனால் எரிகிறது. ஈறும் அண்ணமும் எலும்போடு ஒட்டிய இறுகலான சதை. அங்கே மருந்தை அவசரமாகத் தள்ளினால் சதை பிய்வதுபோல் விம்முகிறது. மேல் அண்ணத்தில் போடும் ஊசி எல்லாவற்றிலும் கொடியது என்று பெயர் வாங்கியதற்குக் காரணம் அதுதான். ஆகவே, நிமிஷத்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கு மேல் போகாதபடி மெதுவாகச் செலுத்தவேண்டும் என்பது பல் வைத்திய நூல்களில் உள்ள பாடம். நாம் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து விநாடியை நினைத்துக்கொண்டோம்.

மருந்தை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிப் போட்டால் வலி குறையுமா? சோடா உப்புக் கரைசலைக் கலந்து புளிப்பை முறித்துவிட்டால் என்ன? இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார்கள். சில பரிசோதனைகளில் குழந்தைகளுக்கு வலி குறைந்தது; சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. "இவையெல்லாம் கொசுறு, நிதானந்தான் சரக்கு" என்பது டாக்டரம்மாளின் அபிப்பிராயம். ஊசியைக் கம்ப்யூட்டர் யந்திரமே சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் கருவியும் 1990-களின் கடைசியிலிருந்து வழக்கத்தில் இருக்கிறது. சிறிய ஊர்களுக்கு அது எப்போது வரப்போகிறது? கட்டை விரலை மெதுவாக அழுத்துவதற்கு யந்திரம் எதற்கு என்றும் நமக்குத் தோன்றியது.

ஐந்து நாள் கழித்து, வீக்கம் வடிந்தபின், மறுபடியும் போனோம். பல்லைக் காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டரம்மாள் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். மூன்று வாரத்துக்கு முன் வைத்தியம் நடந்திருந்தால் பல் பிழைத்திருக்கும். இப்போது எடுத்தாக வேண்டும். அதைக் கேட்ட நம் மகள் நம்மைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமலிருந்தாள் என்பது நமக்குத் தெரிந்தது.

நாற்காலியில் ஏறுவதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டரம்மாள் அவசரப்படவில்லை. காற்று அடிக்கும் குழாயைக் குழந்தையின் உள்ளங்கையில் அடித்துக் காட்டினார். சிறு கண்ணாடியைக் கையில் கொடுத்துத் தாத்தாவின் வாயைப் பார்க்கச் சொன்னார். (பேத்தி பார்த்தாள், "ஐயே!" என்றாள்.) சொல்வது, காட்டுவது, பிறகு செய்வது என்ற இந்த முறையை அடெல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1959-ல் எழுதி வைத்தாராம். அதற்குப் பின்னால் அவர் ஊசியைப் பற்றியும் சொல்லிவிட்டார், மறைக்கவில்லை.

"கண்ணு, பல் தூங்குவதற்கு ஒரு மருந்து கொடுக்கப் போகிறேன். முதலில் ஸ்ட்ராபெரி வாசனைப் பசை. அப்புறம் ஒரு சின்ன ஊசி. சுருக்கென்று இருக்கும். நீ ஐந்து எண்ணுவதற்குள் அந்தச் சுருக்குப் போய்விடும். அப்புறம் யாரோ விரலால் அழுத்துகிற மாதிரி இருக்கும். உனக்கு வேண்டாமென்று தோன்றினால் இடது கையைத் தூக்கு. நான் நிறுத்திவிடுவேன்."

குழந்தை யோசித்தாள். "நிஜமா நிறுத்துவீங்களா?"

"தூக்கிப் பார்."

பஞ்சால் ஈறை ஈரம் போகத் துடைத்து, பசையைத் தடவத் தொடங்கியதும் இடது கை மேலே போயிற்று. டாக்டரம்மாள் உடனே கையை எடுத்துவிட்டார். குழந்தை கையை இறக்கினாள். மறுபடி தொடங்கியதும் மறுபடி தூக்கினாள். மறுபடியும் அவர் நிறுத்தினார். வலியினால் தூக்கவில்லை, பரீட்சை வைத்தாள். பெரியவர்களின் வார்த்தை எத்தனை காசு பெறும் என்று உரைகல்லில் உரைத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை கை எழவில்லை.

பசைக்கு முழுசாக இரண்டு நிமிஷம் கொடுத்தார். அந்தப் பசை மேல்தோலை மட்டுமே மரக்கச் செய்யும். அதற்கும் அவகாசம் தரவேண்டும். தடவிய கையோடு குத்தினால் வாசனையைத் தவிர வேறு பலன் இல்லை. அந்த இரண்டு நிமிஷமும் வீட்டுப் பூனையைப் பற்றிப் பேச்சு நடந்தது. பிறகு அவர் கன்னத்தை இழுத்து விறைப்பாகப் பிடித்து, விரலால் அதை இலேசாகக் குலுக்கிக்கொண்டே, குழந்தையின் பார்வைக்குக் கீழாக ஊசியைக் கொண்டுவந்தார்.

அந்தக் குலுக்கலில் ஒரு சூட்சுமம் உண்டு. குழந்தை நிலைப்படியில் முட்டிக்கொண்டால் தாய் என்ன செய்கிறாள்? அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறாள், வலி குறைகிறது. ஆதிகாலந்தொட்டுத் தாய்மார்கள் அறிந்த இந்த ரகசியத்துக்கு மெல்ஸாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1965-ல் ஒரு காரணம் கூறினார்கள். முதுகுத் தண்டுக்குள் ஒரு வாசற்கதவு இருக்கிறது. தொடுதலும் அசைவும் அங்கே முந்திக்கொண்டு நுழைந்தால், பின்னால் வரும் வலிக்கு வழி குறுகிவிடுகிறது என்றார்கள். இதற்காகவே அதிர்ந்துகொண்டிருக்கும் கருவிகள் இப்போது விற்கிறார்கள். டாக்டரம்மாளிடம் அது இல்லை, விரல் இருந்தது.

"எண்ணு, கண்ணு."

வாயைத் திறந்தபடியே குழந்தை எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று தெளிவாக விழவில்லை, "ஒ... எ..." என்று கேட்டது. மூன்றிலே கண்ணில் நீர் துளிர்த்தது. இடது கை நாற்காலியின் விளிம்பில் நடுங்கியது, எழவில்லை. முதலில் சில துளி. பின்பு சற்று நிறுத்தம். பின்பு ஊசி முன்னேறிற்று. பின்பு மீதி மருந்து, தேன் இறங்குவதுபோல். நாம் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றோம். எதையும் பிடிக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பசை தடவியதிலிருந்து ஊசி வெளியே வரும் வரையில் சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிஷத்துக்குச் சற்று அதிகம்.

"வலித்ததா?" என்று டாக்டரம்மாள் கேட்டார். "ஆமாம். கட்டெறும்பு மாதிரி" என்றாள் பேத்தி. அவர் அதை மறுக்கவில்லை. "கட்டெறும்புதான். சரியாகச் சொன்னாய்" என்றார். பத்து நிமிஷம் கழித்துப் பல் வந்தது. அது வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. பல்லின் இடத்தைப் பக்கத்துப் பற்கள் பிடித்துக்கொள்ளாதபடி ஒரு சிறு கம்பி வளையம் பிற்பாடு போடவேண்டுமென்று சொல்லி அனுப்பினார்.

இதோடு கதை முடிந்ததென்று நினைத்தால் தவறு. மரத்த உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். குழந்தைகளுக்கு அது ஒரு புதிய விளையாட்டுச் சாமான். கடித்துக் கடித்துப் பார்ப்பார்கள், வலிக்காது, மரமரப்பு நீங்கிய பிறகுதான் உதடு வீங்கிப் புண்ணாகிக் கிடப்பது தெரியும். ஆகையால் ரயிலில் பொம்மிடி வரையிலும், அங்கிருந்து பஸ்ஸில் கடத்தூர் வரையிலும் பேத்தியின் கீழுதட்டுக்குக் காவல் இருப்பது நமது உத்தியோகமாயிற்று. முறுக்கு விற்பவர் வந்தார்; கடலை விற்பவர் வந்தார்; எல்லாரையும் திருப்பி அனுப்பினோம். இவ்வளவு சிரத்தையாக நாம் சம்பளம் வாங்கிய உத்தியோகத்தைக் கூடப் பார்த்ததில்லை.

சேலத்துக்கு மொத்தம் நான்கு பிரயாணம். கூலி வேலையை விட்டுவிட்டு எத்தனை பேரால் அப்படிப் போய்வர முடியும்? மயக்கம் கொடுக்கும் வசதியும், சிரிப்பு வாயுக் குழாயும், யந்திர ஊசியும் எல்லா ஊரிலும் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஒரு பசைக் குழாயும், குழந்தை ஒன்றுக்கு ஐந்து நிமிஷமும் போதும் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். நாற்பது பேர் வெளியே நிற்கும்போது அந்த ஐந்து நிமிஷத்துக்கு டாக்டர் எங்கே போவார் என்பதும் நியாயமான கேள்விதான். அதற்கு விடை அந்த டாக்டரிடம் மாத்திரம் இல்லை. ஆயினும், அவசரப்பட்ட பத்து விநாடியினால் மிச்சமானது எதுவும் இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். அந்தப் பத்து விநாடிக்கு விலையாக ஒரு பல், ஐந்து நாள் மருந்து, நான்கு பிரயாணம், தூணைக் கட்டிக்கொண்டு அழுத ஒரு சாயங்காலம் இவ்வளவும் கொடுத்தோம்.

ஐப்பசியில், கம்பி வளையம் போட்ட பிறகு, டாக்டரம்மாள் நம்மையும் அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். பேத்தி அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்து "ஐயே!" என்ற கடைவாய்ப் பல்லை அவர் மறந்துவிடவில்லை. இன்னொரு நாள் ஆகட்டும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கார்த்திகை பிறக்கட்டும் என்று நாம் சொன்ன காரணங்களை எல்லாம் நம் மகளே ஒவ்வொன்றாக மறுத்துவிட்டாள். பேத்தி ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நம்முடைய மணிக்கட்டை அவள் பிடிக்கவில்லை. சட்டையின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, வலிக்கும். ஆனா கொஞ்சந்தான் வலிக்கும். ஐந்து எண்ணுங்க. வேண்டாம்னா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடுவாங்க" என்றாள்.

நாம் உடனே இடது கையைத் தூக்கினோம்.

டாக்டரம்மாள் பின்வாங்கி நின்றார். பேத்தி நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னும் பசையே தடவலை, தாத்தா" என்றாள்.